காந்தப் பதிவுப் பொருள்களின் காப்புரிமை: "இது யாருக்கும் தோன்றுமே" என்ற வழக்கில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹார்டு டிஸ்க் தகட்டிலும் காந்த நாடாவிலும் தகவலைத் தாங்கி நிற்பவை சில நானோமீட்டர் அளவுள்ள காந்த மணிகள். அந்த மணியில் எந்த உலோகம் எத்தனை விழுக்காடு, அதற்கு அடியில் எந்தப் படலம், மணிக்கும் மணிக்கும் நடுவே எந்த ஆக்சைடு என்பதைச் சுற்றியே இந்தத் துறையின் காப்புரிமைச் சண்டைகள் நடக்கின்றன. எதிர்த்தரப்பு வைக்கும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்தத் துறையில் வேலை செய்யும் சாதாரணத் திறமைசாலிக்கே இது தோன்றியிருக்கும், இதற்கு எதற்குக் காப்புரிமை?" "வெளிப்படைத் தன்மை" எனப்படும் இந்தக் கேள்வி அமெரிக்கச் சட்டத்தில் 103ஆம் பிரிவில் இருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையில் 56ஆம் உறுப்பு, ஜப்பானியச் சட்டத்தில் 29ஆம் பிரிவு, இந்தியச் சட்டத்தில் 2(1)(ஜேஏ) பிரிவு.

வழக்கறிஞர் உள்ளே வருவதற்கு வெகு முன்பே, எந்த மாதிரியை எதனோடு ஒப்பிட்டு அளந்தோம் என்பதிலேயே இந்த வழக்குகளின் முடிவு பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்தக் குறிப்புகள் ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கும், விண்ணப்பம் எழுதுபவருக்கும், அடுத்தவரின் காப்புரிமையை எதிர்க்கக் கிளம்புபவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை.

செய்ய வேண்டியவை

முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதி எதுவோ, அந்த நாளில் துறை என்ன அறிந்திருந்தது என்பதே கேள்வி. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கட்டுரையையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ருத்தீனியம் நல்ல எடுத்துக்காட்டு. 1990களின் இறுதியில் ஹார்டு டிஸ்க் துறை ஒரு சுவரில் முட்டி நின்றது. அடர்த்தியைக் கூட்ட மணிகளைச் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கினால் அறையின் வெப்பமே காந்தத் திசையைப் புரட்டிவிடும். ஐபிஎம் 2001 மே மாதம் ஒரு தீர்வை அறிவித்தது. இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே மூன்று அணு கனமுள்ள ருத்தீனியம் படலம். மேலும் கீழும் உள்ள படலங்கள் எதிரெதிர்த் திசையில் பிணைந்து நிலைபெறும். ருத்தீனியம் வழியாக இப்படிப் பிணைப்பு ஏற்படும் என்பது 1990லேயே ஸ்டூவர்ட் பார்க்கினும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட செய்தி. 1990களிலேயே வாசிப்புத் தலைகளுக்கான படல அடுக்குகளிலும் அதே உத்தி வந்துவிட்டது. அப்படியானால் தட்டில் அதைப் பயன்படுத்துவது வெளிப்படையானதா?

எதிர்ப்பவர் இப்படிச் சொல்வார்: பிரச்சினை தெரியும், ருத்தீனியத்தின் குணம் தெரியும், 2000ஆம் ஆண்டில் ஃபுஜிட்சுவும் ஐபிஎம்மும் தனித்தனியே ஒரே யோசனையைக் கட்டுரையாக வெளியிட்டன. ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் ஒன்றையே கண்டடைந்தால் அதை வெளிப்படைத் தன்மைக்கு ஒரு சான்றாக அமெரிக்க நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வதுண்டு. காப்பவர் வேறு விதமாகச் சொல்வார்: அந்தப் பிணைப்பு ஆராயப்பட்டது சீரான தொடர் படலத்தில், பதிவுத் தட்டோ தனித்தனி மணிகளாகப் பிரிந்த, இரைச்சல் குறைவாக இருக்க வேண்டிய படலம், அங்கே அது போதிய வலுவோடு இயங்கும் என்று எதிர்பார்க்க அன்று என்ன காரணம் இருந்தது? இரண்டு பக்கமும் மதிக்கத்தக்க வாதமே. இரண்டுக்கும் ஆதாரம் 2000 வரையிலான தாள்களில் இருக்கிறது, பிந்தையவற்றில் இல்லை.

பழைய ஆவணத்தை முழுதாகப் படியுங்கள். சுருக்கத்தையும் கோரிக்கைகளையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். விளக்க உரையின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிய வரிதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கும்.

காந்த நாடாவின் வரலாறே இப்படி ஒரு வரியில் சிக்கியது. டிரெஸ்டனில் இருந்த ஃபிரிட்ஸ் ஃபிளாய்மர், சிகரெட்டுத் தாளில் உலோகப் பட்டை பதிக்கும் வேலையில் தேர்ந்தவர். அந்தக் கைத்திறனை எடுத்து, காகிதத்தின் மேல் இரும்புத் தூளை ஒட்டி ஒலியைப் பதியும் நாடாவைச் செய்தார். 1928இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1932இல் ஏஇஜி நிறுவனம் உரிமையை வாங்கிக்கொண்டது. நாடாவைத் தயாரிக்கும் வேலை பிஏஎஸ்எஃப் ஆலையிடம் போனது. 1934இல் அங்கிருந்து முதல் 50,000 மீட்டர் நாடா வந்தது. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னடோஃபோன் கருவி மக்கள் முன் வைக்கப்பட்டது. மறு ஆண்டே ஜெர்மன் நீதிமன்றம் ஃபிளாய்மரின் காப்புரிமையைச் செல்லாது என்று அறிவித்தது. காரணம், டென்மார்க்கின் வால்டமார் பவுல்சன் 1898இல் எடுத்த காப்புரிமை. பவுல்சன் செய்த கருவி எஃகுக் கம்பியில் ஒலியைப் பதிந்தது. ஆனால் தம் விளக்க உரையில், கம்பிக்குப் பதிலாகக் காகிதம் போன்ற மின்கடத்தாப் பட்டையின் மேல் காந்தமாகக்கூடிய உலோகத் தூளைப் பூசியும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தார்.

பவுல்சன் அந்த நாடாவைத் தயாரித்து விற்கவில்லை. ஃபிளாய்மரின் உழைப்பு உண்மையானது. அவருக்கு அநீதி நடந்ததாகவே என் மனம் சொல்கிறது. ஆனாலும் நீதிமன்றம் தேடியது முப்பது ஆண்டுக்கு முன் பொதுவில் என்ன சொல்லப்பட்டிருந்தது என்பதை. தேடலை 1960களோடும் 1970களோடும் நிறுத்திக்கொள்பவர் இந்தத் தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைய தேடலில் இதே இடத்தை ஜப்பானிய ஆவணங்கள் பிடித்திருக்கின்றன. காந்த நாடா, தட்டு இரண்டிலும் முந்தைய அறிவின் பெரும் பங்கு ஜப்பானிய மொழி வெளியீடுகளில் கிடக்கிறது. அவற்றின் செயல்முறை எடுத்துக்காட்டுகளையும் ஒப்பீட்டு எடுத்துக்காட்டுகளையும் அட்டவணையோடு முழுமையாக மொழிபெயர்த்து வாங்குங்கள். ஒப்பீட்டு எடுத்துக்காட்டு, அதாவது "இது சரியாக வரவில்லை" என்று அந்த ஆசிரியரே காட்டிய மாதிரி, பல நேரங்களில் உங்கள் கோரிக்கைக்குள்ளேயே வந்து விழும்.

அலகுகளை ஒன்றாக்கிவிட்டு வாதம் செய்யுங்கள். கோபால்ட் 70, குரோமியம் 18, பிளாட்டினம் 12 என்று அணு விழுக்காட்டில் எழுதிய உலோகக்கலவையை எடை விழுக்காட்டில் எழுதினால் பிளாட்டினம் மட்டும் ஏறத்தாழ 31.6 ஆகிவிடும், குரோமியம் 12.6 ஆக இறங்கும். ஓர் ஆவணம் அணுக் கணக்கிலும் மற்றொன்று எடைக் கணக்கிலும் பேசும்போது, ஒன்றையொன்று தொடாதவை போலத் தெரியும் வரம்புகள் உண்மையில் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். ஆக்சைடு சேர்ந்த படலங்களில் மோல் விழுக்காடு, கன அளவு விழுக்காடு என்று மேலும் இரண்டு கணக்குகள் வரும். காந்த நீக்குத்திறனை, அதாவது பதிந்த காந்தத்தை நீக்கத் தேவையான எதிர்ப்புலத்தை, பழைய கட்டுரைகள் ஓர்ஸ்டெட்டில் சொல்லும், புதியவை கிலோஆம்பியர்/மீட்டரில்; 1,000 ஓர்ஸ்டெட் என்பது சுமார் 79.6 கிலோஆம்பியர்/மீட்டர். இன்னொன்று: ஸ்பட்டரிங் முறையில் படலம் படிய மூலமாகும் இலக்கின் கலவையும் தட்டில் படிந்த படலத்தின் கலவையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆவணம் எதைச் சொல்கிறது என்று பாருங்கள்.

கோரிய வரம்பு முழுவதற்கும் தரவு வையுங்கள். பொருளியல் வழக்குகளில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். முந்தைய ஆவணத்தின் வரம்பும் உங்கள் வரம்பும் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால், முதல் பார்வையிலேயே வெளிப்படை என்று அமெரிக்க அலுவலகம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை உங்களிடம் வரும். 2003இல் தீர்ந்த பீட்டர்சன் வழக்கில் நிக்கல் உலோகக்கலவையில் 1 முதல் 3 விழுக்காடு ரீனியம் கோரப்பட்டது. முந்தைய ஆவணம் 0 முதல் 7 வரை சொல்லியிருந்தது. 2 விழுக்காட்டில் நல்ல பலன் வந்ததாகத் தரவு காட்டினார்கள். வரம்பின் மற்ற இடங்களுக்கு அது போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. தட்டுக்கான படலத்தில் போரான் 4 முதல் 15 என்று கோருபவர் 4இலும் 15இலும் அளக்க வேண்டும், நடுவில் சில இடங்களிலும், வரம்புக்கு வெளியே இரு பக்கமும் கூட. வெளியே போனதும் இரைச்சல் எகிறுகிறது அல்லது காந்த நீக்குத்திறன் சரிகிறது என்ற வளைவு கையில் இருந்தால் உங்கள் நிலை வேறு.

1955இன் ஆலர் தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது: பொதுவான நிலைமைகள் தெரிந்த பிறகு, வழக்கமான சோதனையால் உகந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கண்டுபிடிப்பு ஆகாது. இதற்கு விதிவிலக்கு கேட்பவர், அந்த எண்ணுக்கும் பலனுக்கும் தொடர்பு இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது என்று காட்ட வேண்டும். 1977இன் அன்டோனி வழக்கில் விண்ணப்பதாரர் வென்றது அப்படித்தான்.

ஒப்பீடு மிக நெருங்கிய முந்தைய மாதிரியோடு இருக்கட்டும். உங்கள் பழைய தயாரிப்போடு ஒப்பிட்டு "30 விழுக்காடு முன்னேற்றம்" என்று சொல்வதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஐரோப்பிய அலுவலகமும் இதையேதான் கேட்கும். அடித்தளத் தகடு, அடிப்படலம், படிவு வெப்பநிலை, வாயு அழுத்தம் அத்தனையும் ஒன்றாக வைத்து, மாற வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். படிவு அழுத்தம் மாறினாலே மணிகளின் பிரிவு மாறிவிடும். அந்தப் பலனைக் கலவையின் பலன் என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

அன்று துறை எதைக் கண்டு ஒதுங்கியது என்பதைத் தேடி எடுங்கள். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரஹாம் வழக்கோடு ஆடம்ஸ் வழக்கையும் தீர்த்தது. மக்னீசியம், குப்ரஸ் குளோரைடு, தண்ணீர்: ஆடம்ஸின் மின்கலத்தில் இருந்த ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தவை. ஆனால் அவற்றைச் சேர்த்து அப்படி ஒரு மின்கலம் இயங்கும் என்று துறையினர் நம்பவில்லை. ராணுவ நிபுணர்களே முதலில் சந்தேகப்பட்டார்கள். காப்புரிமை நிலைத்தது.

நம் துறையில் இதற்கு இணையாக நான் எண்ணுவது கோபால்ட் சேர்ந்த காமா இரும்பு ஆக்சைடு. இது நீதிமன்றக் கதை அல்ல, தொழில்நுட்பக் கதை. ஆனாலும் வாதம் எப்படிக் கட்டப்படும் என்பதற்கு உதவும். இரும்பு ஆக்சைடில் கோபால்டைச் சேர்த்தால் காந்த நீக்குத்திறன் ஏறும் என்பது பழைய அறிவு. துகள் முழுவதிலும் கோபால்ட் கலந்தபோது வேறு தொல்லை வந்தது: வெப்பம் மாறினாலும் நாடா அழுந்தினாலும் பதிவு தேய்ந்தது. இதற்கிடையே டுபாண்ட் நிறுவனத்தின் குரோமியம் டைஆக்சைடு உயர்தர நாடாவின் இடத்தைப் பிடித்திருந்தது. பின்னர் கோபால்டைத் துகளின் மேற்பரப்பில் மட்டும் படியவைத்தார்கள். உள்ளே இரும்பு ஆக்சைடு அப்படியே இருந்தது. டிடிகே நிறுவனம் 1975இல் கொண்டுவந்த எஸ்ஏ நாடாவின் அவிலின் துகள் அந்த வகை. "கோபால்ட் தெரியும், இரும்பு ஆக்சைடு தெரியும், இரண்டையும் சேர்த்தார்கள்" என்ற ஒரே வரியில் இதை முடிப்பவர், நடுவில் இருந்த தோல்வியை விழுங்கிவிடுகிறார். அந்தத் தோல்வியைப் பதிவு செய்த கட்டுரைகள்தான் காப்பவரின் சிறந்த சாட்சி.

விற்பனை வெற்றியைக் காட்டுவதானால் அதைக் கோரிக்கையோடு கட்டுங்கள். எல்டிஓ நாடா உலகெங்கும் விற்கிறது என்பது உண்மை. எச்பிஇ (ஹியூலெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ்), ஐபிஎம், குவான்டம் சேர்ந்து நடத்தும் வடிவமைப்புத் தரத்துக்கு ஏற்ப வரும் நாடா அது. அந்தத் தரத்துக்கு இணங்கும் எந்த நாடாவும் விற்கும். வாங்கியவர் உங்கள் துகளுக்காக வாங்கினாரா, தரத்துக்காக வாங்கினாரா என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் விற்பனை எண்கள் வீண்.

களத்தைத் தெரிந்து தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் 2012 செப்டம்பர் முதல் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணைக் குழுவிடம் மறு ஆய்வு கேட்கலாம். அங்கே அச்சிட்ட வெளியீடுகளையும் காப்புரிமைகளையும் மட்டுமே முன்வைக்க முடியும், ஆனால் நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு. மாவட்ட நீதிமன்றத்தில் தெளிவான, நம்பத்தகுந்த சான்று வேண்டும். 2011இல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கு மனு கைக்கு வந்து ஓராண்டு கடந்தால் மறு ஆய்வின் கதவு மூடிவிடும். ஃபுஜிஃபிலிமும் சோனியும் 2016 முதல் 2019 வரை எல்டிஓ நாடாவுக்காக அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் உட்படப் பல இடங்களில் மோதின. எட்டாம் தலைமுறை எல்டிஓ நாடாவைத் தயாரித்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. அதனால் வாடிக்கையாளருக்கு நாடா கிடைக்காமல் போனது. ஒரே நேரத்தில் எத்தனை களங்களில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

செய்யக்கூடாதவை

காப்புரிமையையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்காதீர்கள். விடை கையில் இருக்கும்போது எந்தப் பழைய கட்டுரையும் அதை நோக்கிச் சுட்டுவது போலவே தோன்றும். இரும்பு–பிளாட்டினம் இன்று வெப்ப உதவிப் பதிவின் பொருள். சீகேட் 2024இல் அதைக் கொண்ட மொசைக் தட்டுகளைச் சந்தைக்கு அனுப்பியது. அந்த உலோகக்கலவையின் வலுவான காந்தத் திசைப்பிடிப்பு பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஆனால் எழுதும் தலையின் முனைக்குக் கிடைக்கும் இரும்பு–கோபால்ட் கலவையின் காந்தத் தெவிட்டு அளவு சுமார் 2.4 டெஸ்லாதான், வெப்பத்தால் இளக்காமல் அத்தகைய மணியில் எழுத முடியாது. ஆகவே "1990களிலேயே யாரும் இதைத் தேர்ந்திருப்பார்கள்" என்று சொல்பவர், அன்று எந்தத் தலையை வைத்து எழுதியிருப்பார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுபக்கம், 2007இன் கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பிறகு "இரண்டையும் சேர்க்கச் சொல்லி எந்த ஆவணத்திலும் எழுதவில்லையே" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சேர்ப்பதற்கான காரணம் பொது அறிவிலிருந்தும் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிந்த, பலன் கணிக்கக்கூடிய சில வழிகளே இருந்தால், அவற்றில் ஒன்றை முயல்வது வெளிப்படையே. மணி எல்லையில் அமர சிலிக்கான் ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு, டான்டலம் ஆக்சைடு என்று ஓர் ஆவணம் பட்டியல் தந்திருக்க, அவற்றில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டதற்கு மட்டும் காப்புரிமை கேட்பது வலுவற்றது.

பழைய பொருளுக்குப் புதிய அளவீட்டைச் சூட்டிவிட்டால் அது புதியதாகிவிடும் என்று நம்பாதீர்கள். காந்த நாடாக் காப்புரிமைகளில் மேற்பரப்புக் கரடு, சதுரத் தன்மை விகிதம், தொடுகோணம் என்று அளவீட்டு வரம்புகளாகவே கோரிக்கைகள் வருகின்றன. அளவீட்டில் தவறில்லை, அந்த எண்ணை எட்டும் வழி புதியதா என்பதுதான் கேள்வி. 1985இன் டைட்டானியம் மெட்டல்ஸ் வழக்கை ஒவ்வொரு பொருளியலாளரும் படிக்க வேண்டும். டைட்டானியத்தில் சிறிது மாலிப்டினமும் நிக்கலும் சேர்ந்த உலோகக்கலவை. அரிப்பைத் தாங்கும் அதன் குணத்தைக் கண்டவர்கள் அதற்குக் காப்புரிமை கேட்டார்கள். ஒரு ரஷ்யக் கட்டுரையின் வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளி அந்த வரம்புக்குள் விழுந்தது. அந்தக் கட்டுரை அரிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனாலும் கலவை பழையது, குணத்தை நீங்கள் புதிதாக அறிந்ததால் கலவை உங்களுடையது ஆகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. 0.3 விழுக்காடு மாலிப்டினம், 0.8 விழுக்காடு நிக்கல் என்று குறிப்பிட்டுக் கேட்ட கோரிக்கையும், 0.25, 0.75 என்ற பழைய புள்ளிக்கு மிக அருகில் இருந்ததால் வெளிப்படை என்று போய்விட்டது. முந்தைய ஆவணம் 10 விழுக்காடு என்றால் 10.1இலிருந்து கோரிக்கையைத் தொடங்கித் தப்பலாம் என்று எண்ணுபவருக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

பேரியம் ஃபெரைட்டைப் பற்றியும் இதே எச்சரிக்கை. நாடாவில் அது எல்டிஓ தலைமுறைகளோடு வந்ததுபோல் தோன்றலாம். தோஷிபா 1980களிலேயே அதைக் கொண்டு 2.88 மெகாபைட் நெகிழ்வட்டைச் செய்திருந்தது. பொருளின் பெயரைக் கோராதீர்கள். துகளை எப்படிச் சிறிதாக்கினீர்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் எப்படிப் பரப்பினீர்கள் என்பதைக் கோருங்கள்.

அளவிடும் முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். கரடு எந்தக் கருவியில், எவ்வளவு பரப்பில் அளந்தது? காந்த நீக்குத்திறன் எந்த வேகத்தில் புலத்தை மாற்றி அளந்தது? சிறிய மணிகளில் அந்த வேகம் மாறினால் எண்ணும் மாறும்.

வேறொன்றை விரும்பிச் சொல்லும் ஆவணத்தை, உங்கள் வழியைத் தடுக்கும் ஆவணமாகக் காட்டாதீர்கள். "இது சிறந்தது" என்பதும் "அதைச் செய்யாதே" என்பதும் வேறு. 2004இன் ஃபுல்டன் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

மாநாட்டுச் சுருக்கத்தை விண்ணப்பத்துக்கு முன் அனுப்பாதீர்கள். இன்டர்மேக் போன்ற மாநாடுகளின் சுருக்கத் தொகுப்பு, கட்டுரை அச்சாவதற்குப் பல மாதம் முன்பே கைக்குக் கை போய்விடும். அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் உங்கள் சுருக்கமே உங்களுக்கு எதிரான ஆவணம்.

பொருந்தாத தரவை மறைக்காதீர்கள். காப்புரிமைத் தகுதிக்கு முக்கியமான எதையும் வெளிப்படுத்தும் கடமை அமெரிக்க விதிகளில் விண்ணப்பதாரருக்கு உண்டு. ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தது நிரூபணமானால் காப்புரிமை முழுவதும் பயனற்றதாகிவிடும். அதோடு, சரியாக வராத அந்த மாதிரிதான் உங்கள் வரம்பின் எல்லை ஏன் அங்கே நிற்கிறது என்பதை விளக்கும் ஒரே சாட்சியாகவும் இருக்கக்கூடும். ஆகவே அடுத்த முறை படலம் படியவைக்கும்போது, முந்தைய ஆவணத்தின் கலவையிலும் ஒரு தகட்டை அதே நாளில், அதே அறையில் செய்து, அளந்து, தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.